சுரின் பட்டின் பெயரை மாற்றச் சொல்லாதீர்கள்: தாய்லாந்து, கம்போடியப் பண்பாட்டு அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

தாய்லாந்துப் பண்பாட்டு அமைச்சர் அவர்களுக்கும், கம்போடியப் பண்பாடு மற்றும் நுண்கலைத் துறை அமைச்சர் அவர்களுக்கும்,

இரண்டு பேருக்கும் ஒரே கடிதம் எழுதுவது வேண்டுமென்றேதான். தனித்தனியாக எழுதினால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டிவிடுவீர்கள்.

நான் பாங்காக்கில் துணி வியாபாரம் செய்கிற தமிழன். தாய்லாந்தில் கம்போடிய எல்லையை ஒட்டியிருக்கிற சுரின் மாகாணத்துக் கிராமங்களில் கைத்தறிப் பட்டு வாங்கி விற்பது என் தொழில். சமீபத்தில் இங்கே ஒரு கைவினைக் கண்காட்சியில் கடை போட்டிருந்தேன். ஒவ்வொரு துணியோடும் வழக்கம்போல ஒரு சீட்டு வைத்திருந்தேன்: நெசவின் பெயர், ஊர், நெய்தவர், சாயம். ஒரு சீட்டில் 'கெமர் ஹோல் பட்டு, சுரின்' என்று இருந்தது. (கெமர் என்பது கம்போடியாவின் பெரும்பான்மை இனத்துக்கும் மொழிக்கும் பெயர்.) ஏற்பாட்டாளர்களில் ஒருவர் வந்து, அந்தக் 'கெமர்' மட்டும் வேண்டாமே, காலம் சரியில்லை, 'ஈசான் பட்டு', அதாவது வடகிழக்குத் தாய்லாந்துப் பட்டு, என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நெய்த அம்மா வீட்டில் கெமர் பேசுகிறவர், அவருடைய அம்மாவும் பாட்டியும் அப்படியே என்றேன். "அவர் தாய்லாந்துக் குடிமகள்தானே?" என்றார். ஆமாம், அதுவும்தான். இரண்டும் உண்மையாக இருப்பதில் என்ன சிக்கல்? சீட்டை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. துணிகளை மடித்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு கடையைக் காலி செய்துவிட்டேன்.

அப்புறம் புனோம்பென்னில் எனக்குப் பழக்கமான ஒரு கடைக்காரர். கம்போடியாவின் தாக்கேவ் மாகாணத்துப் பட்டுக்குப் பக்கத்திலேயே என் சுரின் பட்டையும் அடுக்கி விற்றுவந்தவர். இனிமேல் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சியாம்காரன் சரக்கை ஏன் வைத்திருக்கிறாய் என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்களாம். கடையைப் படம் எடுத்து யாரோ முகநூலில் போட்டுத் திட்டியும் இருக்கிறார்கள்.

ஆக, அந்தத் துணி பாங்காக்கில் கெமர் என்பதால் ஆகாது, புனோம்பென்னில் தாய்லாந்து என்பதால் ஆகாது. நெய்தது ஒரே கை.

இதெல்லாம் உங்கள் உத்தரவில் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் இரண்டு அரசுகளும் பல வருடங்களாகப் பண்பாட்டுக்குப் பட்டா வாங்குகிற வேலையைத்தான் செய்துகொண்டிருக்கின்றன. மேலே பட்டா வாங்கினால் கீழே வேலி போடத்தான் ஆள் வரும்.

முதலில் அந்த நெசவாளர்களைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் அறிக்கைகளில் அவர்கள் வருவதே இல்லை. சுரின், புரிராம், சிசாகெட் ஆகிய மூன்று மாகாணங்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கெமர் பேசுகிறவர்கள். நேற்று வந்து குடியேறியவர்கள் இல்லை, எல்லைக்கோடு போடுவதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள். தறியில் உட்கார்ந்தால் பேச்செல்லாம் கெமரில். பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதே பாட்டி தாய்லாந்து மொழிக்கு மாறிவிடுவார். பேத்திக்குப் பாட்டியின் பேச்சு புரியும், பதில் சொல்ல வராது. ஊடை நூலைக் கட்டுக் கட்டாகக் கட்டிச் சாயத்தில் முக்கி, அவிழ்த்து, மறுபடி கட்டி, இன்னொரு சாயத்தில் முக்கி நெய்கிற அந்தப் பட்டுக்கு இங்கே பெயர் ஹோல். எல்லை தாண்டித் தாக்கேவுக்குப் போனாலும் பெயர் ஹோல்தான். பாவு நூலைத் தூக்குகிற விழுது மூன்று வைத்து நெய்வதால் ஒரு முகம் பளிச்சென்றும் மறுமுகம் மங்கியும் இருக்கும், அதுவும் இரண்டு ஊரிலும் ஒன்றே. தொழில் தெரிந்தவர் பார்த்தால் சாயத்தின் சாயலை வைத்தும் கரையை வைத்தும் ஊரைச் சொல்லிவிடலாம். நாட்டைச் சொல்ல முடியாது.

நான் பட்டு வாங்குகிற வீட்டு அம்மாவின் தங்கை மகள், கம்போடியாவின் ஒட்டர் மீன்சே மாகாணத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். சோங் சோம் எல்லை வழியாகக் காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாள். முன்னோருக்குப் படையல் வைக்கிற சமயத்தில் தவறாமல் வருவாள். சுரினில் அதை சென் டோன்டா என்கிறார்கள், கம்போடியாவில் பிச்சும் பென். புரட்டாசியை ஒட்டி வரும் தேய்பிறைப் பதினைந்து நாள். நம் மகாளய பட்சம் எப்போதோ பெரும்பாலும் அப்போதேதான் அவர்களுக்கும். சோற்று உருண்டை, வாழையிலை, பெயர் சொல்லிக் கூப்பிடுவது எல்லாம் உண்டு. 2025 ஜூனில் எல்லை வழிகள் அடைபட்டன. அந்த வருடப் படையலுக்கு அவள் வரவில்லை. செத்தவர்கள் வருவதற்குத் தடையில்லை, உயிரோடு இருப்பவள் வரத்தான் வழியில்லை என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குள் குண்டும் விழுந்துவிட்டது. 2025 ஜூலை 24இல் தொடங்கிய ஐந்து நாள் சண்டையில் இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 3 லட்சம் பேர் வீட்டை விட்டு ஓடினார்கள். மலேசியாவில் உட்கார்ந்து போர்நிறுத்தம் பேசினீர்கள். அக்டோபரில் மறுபடி கோலாலம்பூரில் கையெழுத்து. டிசம்பரில் மறுபடி சண்டை. இந்தப் பக்கம் ஓடியவர்களில் பலர் கெமர் பேசுகிறவர்கள், அந்தப் பக்கம் ஓடியவர்களும் கெமர் பேசுகிறவர்கள். பதுங்கு குழிக்குள் அவர்கள் ஒரே மொழியில்தான் சாமியைக் கூப்பிட்டிருப்பார்கள்.

சண்டை எங்கே மூண்டது? எல்லையிலேயே நிற்கிற தா முயன் தோம் என்கிற சிவன் கோயில் பக்கத்தில். அங்கே கருவறையில் இருப்பது பாறையிலேயே தானாக அமைந்த லிங்கம். அந்த ஆண்டு பிப்ரவரியில் கம்போடியாவிலிருந்து போன ஒரு குழு கோயிலுக்குள் நின்று தேசிய கீதம் பாடியது, தாய்லாந்துப் படையினர் தடுத்தார்கள். ஆயிரம் வருடமாகச் சும்மா இருந்த கல்லின் முன்னால் இரண்டு தரப்பும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றதை நினைத்தால் கோபத்தைவிட வெட்கம்தான் வருகிறது. அதே வளாகத்தை ஒட்டி இன்னும் இரண்டு கட்டடங்கள் உண்டு. ஒன்று அங்கோரை ஆண்ட கெமர் மன்னன் ஏழாம் ஜெயவர்மன் கட்டிய வழிப்போக்கர் சத்திரத்தைச் சேர்ந்தது, இன்னொன்று அவன் கட்டிய மருத்துவமனையின் கோயில். அவன் காலத்துக் கல்வெட்டுகள் 102 மருத்துவமனைகளையும் 121 சத்திரங்களையும் சொல்கின்றன. அங்கோரிலிருந்து இன்றைய தாய்லாந்தில் இருக்கிற பிமாய் வரை போன பாதையில் மட்டும் 17 சத்திரங்கள். நடப்பவன் இளைப்பாறட்டும் என்று கட்டிய இடத்தில் இன்று நடமாட முடியாது.

தாய்லாந்து அமைச்சர் அவர்களே, உங்கள் நாட்டில் பலர் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்: அங்கோரைக் கட்டியவர்கள் 'கோம்' என்கிற வேறு இனம், இன்றைய கெமர்கள் அவர்களுடைய வாரிசுகள் இல்லை என்று. படித்தவர்களும் சொல்கிறார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. அங்கோரின் கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழைய கெமரிலும் இருக்கின்றன. அந்தப் பழைய கெமரின் பேரப்பிள்ளைகள்தான் புனோம்பென்னில் பேசுவதும் சுரினில் பேசுவதும். தாய்லாந்து எழுத்தே பழைய கெமர் எழுத்திலிருந்து வந்தது. அரண்மனையில் பேசும் ராஜ வழக்கில் பல சொற்களுக்குக் கெமர் வேர் இருக்கிறது. புத்த விகாரைகளில் தரும் தாயத்திலும் எந்திரத் தகட்டிலும் இன்றும் கெமர் எழுத்துத்தான். நான்காம் ராமா மன்னர் அங்கோர் வாட்டின் சிறு மாதிரியை மரகதப் புத்தர் கோயில் வளாகத்திலேயே வைக்கச் சொன்னார். கழுத்தில் தொங்குவதை ஏற்றுக்கொண்டு, அதை எழுதியவனை மட்டும் யாரென்று தெரியாது என்று சொல்வது உங்கள் நாட்டின் பெருமைக்கு அழகில்லை.

இன்னொன்றும் உண்டு. அங்கோர் வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் மகிதரபுர வம்சத்தவன். அந்தக் குடும்பத்தின் வேர் இன்றைய தாய்லாந்தின் மூன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. பிமாய் கோயிலும், புரிராமில் அணைந்த எரிமலை மேல் நிற்கும் பனோம் ரூங் சிவன் கோயிலும் அந்த வம்சத்தோடு தொடர்புடையவை. கம்போடிய அமைச்சர் அவர்களே, இதை உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உங்கள் கொடியில் இருக்கிற கோயிலைக் கட்டியவனின் குடும்பப் பூர்வீகம் இன்று தாய்லாந்தில் இருக்கிறது. இதனால் யாருக்கும் எதுவும் குறையவில்லை.

உங்கள் நாட்டில் நான் கேட்பது வேறு பாட்டு: தாய்லாந்துக்காரர்களிடம் இருப்பதெல்லாம் எங்களிடமிருந்து திருடியது. 1431இல் அன்றைய தாய் அரசான அயுத்தயாவின் படை அங்கோரைச் சூறையாடியது, சிலைகளையும் ஆட்களையும் கொண்டுபோனது, உண்மைதான். (அந்த வெண்கலச் சிலைகளை 1569இல் பர்மியர்கள் அயுத்தயாவிலிருந்து தூக்கிப் போனார்கள். மிச்சம் இருப்பவை இன்று மண்டலேயில் மகாமுனி கோயிலில் நிற்கின்றன. திருடியவன் வீட்டிலும் அது தங்கவில்லை.) ஆனால் கொடுக்கல் வாங்கல் ஒரு திசையில் மட்டும் நடக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் உங்கள் ஆங் துவோங் மன்னர் நீண்ட காலம் பாங்காக்கில் வாழ்ந்துவிட்டு வந்து அரியணை ஏறியவர். அவர் மகன் நொரோடமும் அங்கே வளர்ந்தவர். புனோம்பென் அரண்மனையின் நடனமும் உடையும் மறுபடி துளிர்த்தபோது பாங்காக்கிலிருந்து வந்தவை அதில் கலந்திருந்தன. போல் பாட்டின் கெமர் ரூஜ் ஆட்சிக் காலத்தில் உங்கள் கலைஞர்களில் பெரும்பாலானோர் அழிந்தார்கள். தப்பி ஓடியவர்களில் சிலர் அந்த நடனத்தைப் பிள்ளைகளுக்கு மறுபடி சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய இடங்களில் ஒன்று காவோ ஈ தாங் அகதி முகாம். அது தாய்லாந்து மண்ணில் இருந்தது. இழந்தவர்களுடைய வலி எனக்குப் புரிகிறது. அந்த வலியை அரசு எடுத்து அரசியலுக்குப் பயன்படுத்துவதுதான் புரியவில்லை. 2003 ஜனவரியில் ஒரு தாய்லாந்து நடிகை அங்கோர் வாட்டைப் பற்றிச் சொல்லாத வார்த்தையைச் சொன்னதாகக் கிளம்பிய வதந்தியில் புனோம்பென்னில் தாய்லாந்துத் தூதரகம் எரிந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

முகமூடி நடனத்துக்கு வருகிறேன். தாய்லாந்தின் கோன், கம்போடியாவின் லக்கோன் கோல். இரண்டும் ராமாயணத்தை ஆடுகின்றன. இரண்டிலும் வெள்ளை முகத்து அனுமன். கடலில் பாலம் கட்டும்போது ராவணனின் மகளான மீன்கன்னி ஒருத்தி கல்லை எடுத்துவிட, அவளைப் பிடிக்கப் போன அனுமன் காதலில் விழுந்துவிடுவான். வால்மீகியில் இது கிடையாது, கம்பனில் தேடினாலும் கிடைக்காது, எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள். பிரம்மச்சாரி அனுமனுக்கு மீன்கன்னியா! ஆனால் உங்கள் இருவர் கதையிலும் அவள் இருக்கிறாள், பெயர்கூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒருவரிடம் ஒருவர் கேட்டுக் கேட்டு வளர்த்த கதை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இதற்கும் சண்டை. 2016இல் தாய்லாந்து கோனை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலுக்கு அனுப்பப் போகிறது என்று தெரிந்ததுமே சமூக ஊடகங்களில் இரண்டு பக்கமும் வாளை உருவினார்கள். 2018இல் மொரீசியஸில் நடந்த யுனெஸ்கோ கூட்டத்தில் கோன் ஒரு பட்டியலிலும், ஸ்வாய் அந்தேத் விகாரையின் லக்கோன் கோல் உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் இன்னொரு பட்டியலிலும் தனித்தனியாக ஏறின. இரண்டு தலைநகரங்களிலும் வெற்றிக் கொண்டாட்டம். அதே கூட்டத்தில் வேறொன்றும் நடந்தது. வட கொரியாவும் தென் கொரியாவும் தங்கள் மல்யுத்தத்தை ஒன்றாகப் பதிவு செய்தன. நேற்றுவரை ஒருவர் மேல் ஒருவர் பீரங்கியைத் திருப்பி வைத்திருந்தவர்கள் சேர்ந்து ஒரு கோப்பில் கையெழுத்துப் போட்டார்கள். நீங்கள் இருவரும் அதே அறையில்தான் இருந்தீர்கள்.

உங்களுக்கு வழி தெரியாது என்று சொல்லவும் முடியாது. 2015இல் கம்போடியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ், தென் கொரியாவோடு சேர்ந்து கயிறிழுக்கும் சடங்குகளைப் பதிவு செய்திருக்கிறது. 2024இல் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், புருனையோடு சேர்ந்து கெபாயா உடையைப் பதிவு செய்திருக்கிறது. கயிற்றுக்கும் சட்டைக்கும் கூட்டு சேர முடிகிறது. பக்கத்து வீட்டோடு மட்டும் முடியவில்லை. குத்துச்சண்டையைப் பற்றிப் பேசவே அலுப்பாக இருக்கிறது. 2023 தென்கிழக்கு ஆசிய விளையாட்டில், தாய்லாந்து 'முவே தாய்' என்று சொல்கிற சண்டைக்குக் கம்போடியா 'குன் கெமர்' என்று பெயர் வைத்ததற்காகத் தாய்லாந்து அந்தப் போட்டிக்கு ஆள் அனுப்பவில்லை. அடி ஒன்றுதான், பெயரில்தான் வலி.

தமிழன் இதில் ஏன் மூக்கை நுழைக்கிறான் என்று கேட்பீர்கள். நியாயம்தான். எங்கள் ஆட்களும் சும்மா இல்லை. அங்கோர் வாட்டைக் கட்டியது தமிழ் மன்னன் என்று வாட்ஸாப்பில் வருடா வருடம் ஒரு செய்தி சுற்றும், நானும் ஓய்ந்துபோகாமல் மறுத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். உண்மையான தொடர்பு அதைவிடச் சுவையானது. பல்லவர் காலத்துத் தென்னிந்திய எழுத்து கடல் தாண்டிப் போய்க் கெமர் எழுத்தானது. தேதியோடு கிடைத்த மிகப் பழைய கெமர்க் கல்வெட்டு கி.பி. 611ஐச் சேர்ந்தது. அந்த எழுத்திலிருந்து தாய்லாந்து எழுத்து வந்தது. பாங்காக் அரண்மனைப் பிராமணர்கள் மார்கழியை ஒட்டிய சடங்கில் ஓதும் மந்திரத்துக்குள் எங்கள் திருவெம்பாவை உருமாறிக் கிடக்கிறது. இரண்டு அரண்மனைகளிலும் பிராமணர்கள் உண்டு, இரண்டு நாட்டிலும் மே மாதம் மன்னரின் ஏர் விழா நடக்கும், எருதுகள் முன்னால் நெல், சோளம், எள், புல், சாராயம் என்று வைத்து, எதை வாய்வைக்கிறது என்று பார்த்து அந்த வருட விளைச்சலைச் சொல்வார்கள். ஏப்ரல் நடுவில் நீங்கள் இருவரும் தண்ணீர் தெளித்துப் புத்தாண்டு கொண்டாடும்போது நாங்கள் சித்திரைக்கனி பார்த்துக்கொண்டிருப்போம். இதை வைத்துக்கொண்டு தமிழர்கள் உங்களிடம் வாடகை கேட்டால் எவ்வளவு அபத்தமோ, அவ்வளவு அபத்தம் நீங்கள் ஒருவரிடம் ஒருவர் கேட்பதும்.

நல்லது நடந்ததும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 1999இல் கம்போடியாவின் பன்தே ச்மார் கோயில் சுவரிலிருந்து பெயர்த்துக் கடத்தி வந்த 117 கல் துண்டுகளைத் தாய்லாந்துக் காவல்துறை ஒரு லாரியில் பிடித்தது. அடுத்த ஆண்டே அவை திரும்பிப் போயின. அப்போது யாரும் 'கோம்' வேறு, கெமர் வேறு என்று பேசவில்லை. கல் எங்கிருந்து வந்ததோ அங்கே போனது, அவ்வளவுதான்.

நான் கேட்பவை இவை.

ஹோல் பட்டு நெசவை இரண்டு நாடுகளும் சேர்ந்து யுனெஸ்கோவுக்கு அனுப்புங்கள். அந்த விதிகளின்படி அந்தக் கலையைச் செய்கிறவர்களின் ஒப்புதல் வேண்டும். சுரினிலும் தாக்கேவிலும் தறியில் உட்காருகிறவர்களிடம் போய்க் கேளுங்கள், தலைநகரத்து வல்லுநர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். அதுவரை உங்களில் யாரும் இதைத் தனியாக அனுப்பக் கூடாது. கோனுக்கும் லக்கோன் கோலுக்கும் பதிவு முடிந்துவிட்டது, சரி, விடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை இரண்டு குழுக்களும் ஒரே மேடையில், ஒரு வருடம் இங்கே, ஒரு வருடம் அங்கே ஆடுவதற்கு ஏற்பாடு செய்யுங்கள். செலவு ஒரு பீரங்கிக் குண்டுப் பெட்டியைவிட அதிகமாகாது.

கோயில்களிலிருந்து படைகளை வெளியேற்றச் சொல்லி உங்கள் பாதுகாப்பு அமைச்சர்களிடம் நீங்கள் பேச வேண்டும். போர்க்காலத்தில் பண்பாட்டுச் சொத்துகளைக் காக்கும் 1954 ஹேக் உடன்படிக்கையில் இரண்டு நாடுகளும் சேர்ந்திருக்கின்றன. பிரேயா விகார், தா முயன் தோம் கோயில்களில் ஏற்பட்ட சேதத்தை இரு நாட்டுத் தொல்லியலாளர்களும் சேர்ந்து பார்த்து ஒரே அறிக்கையாக வெளியிடுங்கள். எல்லை மலை மேல் நிற்கும் பிரேயா விகார் கம்போடியாவுடையது என்று சர்வதேச நீதிமன்றம் 1962இல் தீர்ப்பு சொல்லி, 2013இல் விளக்கமும் சொல்லிவிட்டது. அதைத் தாய்லாந்து மனதார ஏற்க வேண்டும். அந்தக் கோயில் வடக்கு பார்த்த கோயில், படிகள் தாய்லாந்துப் பக்கம் இறங்குகின்றன. அந்தப் படி வழியாகப் பக்தர்களும் பயணிகளும் ஏறுவதற்குக் கம்போடியா மனதாரச் சம்மதிக்க வேண்டும்.

சுரின், புரிராம், சிசாகெட் பள்ளிகளில் பிள்ளைகள் விரும்பினால் கெமர் படிக்கட்டும். இரு நாட்டு வரலாற்று ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு பாடத்தையாவது எழுதி, அதே பாடம் இரண்டு மொழிப் புத்தகங்களிலும் வரட்டும். அதில் 1431உம் இருக்கட்டும், ஆங் துவோங்கும் இருக்கட்டும், மூன் ஆறும் இருக்கட்டும். அரசு பணம் கொடுத்து நடத்தும் கண்காட்சிகளில் ஒரு பொருளின் இனப் பெயரை எடுக்கச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை என்று எழுத்தில் ஆணை போடுங்கள்.

எல்லைப் பேச்சு முடிய வருடங்கள் ஆகலாம். அதற்குக் காத்திருக்காமல், முன்னோர் படையல் நடக்கும் அந்தப் பதினைந்து நாளுக்காவது சோங் சோம் வழியை உறவினர்களுக்குத் திறந்துவிடுங்கள். அடையாள அட்டையைப் பாருங்கள், பையைச் சோதியுங்கள், மாலையில் திரும்பச் சொல்லுங்கள், எதுவும் ஆட்சேபணை இல்லை.

இந்தக் கடிதத்தைத் தாய்லாந்து மொழியிலும் கெமரிலும் மொழிபெயர்த்து இரண்டு அலுவலகங்களுக்கும் அனுப்புகிறேன். பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். இரண்டு பேரும் சேர்ந்து ஒரே பதிலாக, வரும் படையல் காலத்துக்கு முன்னால், இரண்டு மொழியிலும் வெளியிடுங்கள். சுரின் கெமரிலும் ஒன்று வேண்டும். அந்த அம்மாவுக்குக் கெமர் எழுத்து படிக்கத் தெரியாது, தாய்லாந்து எழுத்திலேயே எழுதினால் பேத்தி வாசித்துக் காட்டுவாள்.

இப்படிக்கு,
பாங்காக்கிலிருந்து ஒரு பட்டு வியாபாரி